ஏழெட்டு திராட்சை

மன்னார்புரத்து நாய் டாக்டரிடம் லூர்துவுக்கும் அவள் வேலை செய்யும் வீட்டுத் தம்பதிக்கும் முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். லூர்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து பட்டுவை மடியில் கிடத்தியிருந்தாள். பட்டு ஷிட்ஸு ஜாதி. முழுசாக வளர்ந்தும் நாலரைக் கிலோதான். காலையிலிருந்து மூன்று முறை வாந்தி எடுத்துவிட்டு, முகத்தை அவள் முழங்கைக்குள் புதைத்துக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் லூர்துவை வைத்தது பாத்திரம் தேய்க்கவும் வீடு துடைக்கவும்தான். நாய் வந்ததும் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்தது. முடியை ஒருநாள் சீவாமல் விட்டால் சிக்கு விழுந்து தோலை இழுக்கும். அடிவயிற்றில் தொடங்கி அடுக்கடுக்காகச் சீவ வேண்டும். கண்ணோர ஈரத்தைப் பஞ்சால் ஒற்ற வேண்டும். சப்பை மூக்கு, வெயிலில் மூச்சு வாங்கும். சோபாவிலிருந்து குதிக்க விடக் கூடாது. டாக்டர் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தது லூர்துதான். பட்டுவுக்குத் தனிமை ஆகாது. அவள் எந்த அறையைத் துடைத்தாலும் அந்த வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். பெற்ற பிள்ளைகூடத் தன்னை இப்படித் தேடியதில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

முறை வந்ததும் டாக்டர் பட்டுவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வெயில் ஒத்துக்காம இருக்கும். வேற ஏதாவது தின்னுச்சா?"

"அதோட சாப்பாடு மட்டும்தான் டாக்டர். வேற எதுவும் குடுக்கக் கூடாதுன்னு வீட்ல கண்டிஷனா சொல்லியிருக்கேன்," என்றார் லூர்துவின் முதலாளி ஜெயக்குமார். சொல்லும்போதே மனைவியை ஒரு பார்வை பார்த்தார். சுபலட்சுமி சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் கோயிலிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கலைச் சுபலட்சுமி தன் கையால் பட்டுவுக்கு ஊட்டியதை லூர்து பார்த்திருந்தாள். "திராட்சை இருக்கும்மா. அது நாய்க்கு விஷம்னு டாக்டர் சொன்னாரே" என்று சொல்லவும் சொன்னாள். "பெருமாள் பிரசாதம் லூர்து, ஒண்ணும் பண்ணாது" என்று சிரித்தாள் சுபலட்சுமி.

டாக்டர் வாந்தியை நிறுத்த ஊசி எடுத்தார். அம்மா இப்போதாவது சொல்வாள் என்று லூர்து காத்திருந்தாள். சுபலட்சுமி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். சாரின் கோபத்துக்கு அவள் எப்படி நடுங்குவாள் என்பது லூர்துவுக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தால் வேலை போகும். மகள் ஆஷ்லியின் நர்சிங் படிப்பு இந்த வீட்டை நம்பித்தான் ஓடியது. சொல்லாவிட்டால் பட்டு போய்விடும்.

"திராட்சை தின்னுச்சுங்க டாக்டர்," என்றாள் லூர்து. "பொங்கல்ல இருந்துச்சு. ஏழெட்டு இருக்கும்."

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"யாரு குடுத்தது?" என்றார் ஜெயக்குமார்.

"நான்தாங்க சார். தெரியாம குடுத்துட்டேன்."

சுபலட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் அட்டவணைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நல்லவேளை, இப்பவாவது சொன்னீங்க. இல்லன்னா கிட்னி போயிருக்கும்," என்றார் டாக்டர்.

மூன்று நாள் டிரிப்ஸ். வேறு யார் பிடித்தாலும் பட்டு உதறியது. அதனால் மூன்று நாளும் காலையிலிருந்து சாயங்காலம் வரை லூர்துவின் மடியில்தான் டிரிப்ஸ் ஏறியது. தொடை மரத்துப்போனது. அம்மா இன்றைக்குச் சொல்லிவிடுவாள், நாளைக்குச் சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். சுபலட்சுமி பிளாஸ்கில் காபி கொண்டுவந்தாள். முகத்தைப் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்தாள்.

கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. ஃபிளாட் வாசலுக்கு வந்ததும் ஜெயக்குமார் அவள் கையிலிருந்து பட்டுவை வாங்கிக்கொண்டார்.

"சாவியக் குடுத்துட்டுப் போ. இனிமே வர வேண்டாம்."

லூர்து சுபலட்சுமியைப் பார்த்தாள். "அம்மா..." என்றாள்.

சுபலட்சுமி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பிறகு உள்ளே போனாள்.

லூர்து சாவியைக் கொடுத்தாள். கதவு சாத்திக்கொண்டது. பட்டு உள்ளிருந்து கதவைப் பிறாண்டியது.

"அம்மா, தண்ணி மட்டும் அடிக்கடி வைங்கம்மா. டாக்டர் சொன்னாரு," என்றாள் கதவைப் பார்த்து.

யாரோ பட்டுவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் குரைப்பு இன்னொரு கதவுக்கு அப்பால் போனது, பிறகு அந்தக் கதவையும் சாத்தினார்கள்.