ஹாஜறாவின் காதில் தங்கிய புயல்

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் வந்த சூறாவளி ஊருக்கெல்லாம் ஒரே இரவில் ஓய்ந்துபோயிற்று. சாய்ந்தமருதுத் தையல்காரர் கச்சிமுகம்மதுவின் மனைவி ஹாஜறாவின் காதுகளுக்குள் மட்டும் அது எட்டு வருடம் அடித்துக்கொண்டிருந்தது. அது எப்படி உள்ளே போனது என்பதில் ஊரில் இரண்டு கருத்து இல்லை. ஹாஜறாவின் வாப்பா மீராமுகைதீன் முதலாளி, அம்பாறைப் பக்கமிருந்து நெல்மூட்டை ஏற்றிவரும் தன்னுடைய பழைய பெட்ஃபோர்ட் லொறியைக் காற்று கொண்டுபோய்விடும் என்று பயந்து, அதை வளவுக்குள் நின்ற வேம்போடு வடக்கயிற்றால் கட்டப் போனார். வேம்பு அவர் மேலும் லொறி மேலும் சேர்ந்தே சாய்ந்தது. நிறைந்த வயிற்றோடு வாசலில் நின்ற ஹாஜறா, "வாப்பா!" என்று ஒரு சத்தம் கூப்பிட்டுவிட்டு, பதில் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஊரில் கதவும் ஜன்னலும் இறுக்கி அடைத்துக் கிடந்த அந்த நேரத்தில், அகலத் திறந்திருந்தவை அவளுடைய இரண்டு காதுகள்தான். காற்று அங்கே போனது. விடிந்தபோது கூரையில்லாத ஊரின் மேல் வெயில் நல்லபிள்ளை மாதிரி எறித்தது, ஹாஜறாவுக்கு மட்டும் ஒன்றும் நிற்கவில்லை.

முதலில் பயந்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள், அதன்பிறகு வெட்கமில்லாமல் பயன்படுத்திக்கொண்டார்கள். பள்ளிவாசல் லெப்பை வந்து ஓதி ஊதினார். ஊதியது அப்படியே அவர் தாடிக்குத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் விழுந்த மணலைக் கழுவ எழுந்து போனார். ஹாஜறா அடுப்படிக்குள் போனால் அடுப்பு அணையும், ஆகவே நெருப்பு மூட்டுவது கச்சிமுகம்மதுவின் வேலையாயிற்று. தலையிலே முக்காடு நிற்பதற்கு ஆறேழு ஊசி குத்த வேண்டியிருந்தது. மாரிகாலத்தில் அண்டை அயல் பெண்கள் ஈரத்துணியைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். ஒருநாள் இடது காதிலிருந்து ஒரு தகர ஆணி விழுந்தது. அடுத்த வளவு ஷரிபுதீன் அது தன்னுடைய கூரை ஆணிதான் என்று அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். யாரும் மறுக்கவில்லை. அவருடைய கூரை அப்படித்தான் போனது.

அடுத்த தை மாதம் மகள் பிறந்தாள். நதீரா என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையின் முதல் அழுகை தெருமுனைக் கடைவரைக்கும் கேட்டது, பெற்றவளுக்குக் கேட்கவில்லை. மற்றச் சத்தங்கள் கேட்காததை ஹாஜறா பெரிதாக எடுக்கவில்லை. ஊர்வம்பு கேட்காமல் இருப்பதும் ஒரு நிம்மதிதான் என்று அவளே சொல்லுவாள். இது மட்டும் அவளைத் தின்றது. மகள் கதைக்கும்போது அவளுடைய தொண்டையில் விரலை வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் புருஷனிடம், "இஞ்சேருங்க, இவள்ட குரல் எப்படி? எண்ட உம்மாட குரல் மாதிரியா, எண்ட குரல் மாதிரியா?" என்று கேட்டாள். யாருடைய தோள் என்ன அகலம், யாருடைய கை எவ்வளவு நீளம் என்று கண்ணால் பார்த்தே சொல்லிவிடுகிற கச்சிமுகம்மது, கையைத் தூக்கி எதையோ காட்ட முயன்று, முடியாமல் அப்படியே கீழே போட்டார்.

அந்தக் காற்றுக்குள் வேறு ஏதாவது கேட்கிறதா என்று அவர் சைகையால் விசாரித்தபோதுதான் அவள் சொன்னாள். காற்றோடு காற்றாக ஒரே ஒரு குரல் சுற்றிக்கொண்டிருக்கிறதாம். அது அவளுடைய குரல்தானாம். வாப்பா வாப்பா என்று கூப்பிடுகிறதாம். கச்சிமுகம்மது கடையில் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு இதைப்பற்றி வெகுநேரம் யோசித்தார். கேள்வி உள்ளே நிற்கிறது, பதில் வராததால் புயலும் நிற்கிறது, இவ்வளவுதான் விஷயம். பதில் சொல்ல வேண்டியவர் மையவாடியில் மண்ணுக்குள் இருக்கிறார். ஆனால் மீராமுகைதீன் முதலாளி உயிரோடு இருந்த காலத்திலும் வாயால் கதைத்தது குறைவு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கூட்டிவருவது இந்தக் கரையின் வழக்கமாகையால், மருமகனான கச்சிமுகம்மது அதே வளவில் அவரோடு வருடக்கணக்காக இருந்தவர். மாமா தன்னோடு கதைத்ததெல்லாம் சேர்த்தால் ஒரு கோப்பை தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். மாமா வந்துவிட்டார் என்று வீட்டுக்குச் சொன்னது எப்போதும் லொறிதான். காரைதீவுச் சந்தியில் திரும்பும்போதே அது கேட்கும்; கேட்டதும் ஹாஜறா ஓடிப்போய்ப் படலையின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து வைப்பாள். அந்தச் சத்தத்தை மறுபடி உண்டாக்கினால் அதுவே பதில் என்று கச்சிமுகம்மது முடிவு கட்டினார்.

லொறியின் உடம்பு வேம்பின் கீழ் அப்பளமாகிவிட்டிருந்தது. சக்கரங்களை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சியது என்ஜின் ஒன்றுதான், அதற்குள்ளும் எலி குட்டி போட்டிருந்தது. அதை ஆட்களைப் பிடித்து இழுத்து, கிடுகுப் பந்தல் ஒன்று போட்டு, பலாக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்தார். அதுவரைக்கும் அவர் கழற்றிப் பூட்டிய ஒரே இயந்திரம் தையல் மெஷின். என்ஜினும் மெஷின் மாதிரித்தான், உள்ளே போய் வெளியே வருகிறது, எண்ணெய் கேட்கிறது, கவனிக்காவிட்டால் கோபிக்கிறது என்று அவர் தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். கழற்றிய ஒவ்வொரு சாமானிலும் தையல் சோக்கினால் அடையாளம் போட்டார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய துணிவெட்டுகளால் துடைத்தார். பிஸ்டனின் சுற்றளவைத் தோளில் கிடந்த நாடாவால் அளந்தார். லேத் கடைக்காரர் அதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு தன் கருவியால் அளந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். கேஸ்கட்டைக் கத்தரியால் வெட்டியபோது வழக்கப்படி தையலுக்கென்று கொஞ்சம் விட்டு வெட்டி, முதல் இரண்டையும் பாழாக்கினார். கொழும்புக்குப் போகிறவர்களிடமெல்லாம் பஞ்சிகாவத்தைப் பழைய லொறிச்சாமான் கடைகளில் இன்ன சாமான் இருக்கிறதா பார் என்று சொல்லிவிட்டார். நோன்பு வந்து போயிற்று, பெருநாள் தையல் வந்து போயிற்று, நதீரா பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள், ஊரடங்குச் சட்டம் என்ற சொல் சந்தையில் மீன் விலை போல அன்றாடம் அடிபட்டது. ஷரிபுதீன் வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன டெயிலர், லொறிக்கு களிசான் தைச்சு முடிஞ்சா?" என்று கேட்பதை மட்டும் ஒருநாளும் விடவில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தவர்கள் வேலியோரம் கூடி நிற்க, என்ஜின் உயிர் பெற்றது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், அது அழகாக ஓடியது. புதுத் துணியைக் கிழிக்கிறது போல ஒரே சீரான சத்தம். பக்கத்தில் வைத்த கோப்பையின் தண்ணீர்கூட அசையவில்லை. லேத் கடைக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். கச்சிமுகம்மது ஒருவரையும் பார்க்காமல் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஹாஜறா முக்காட்டைப் பிடித்தபடி என்ஜினைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், எல்லோரும் சந்தோஷப்படுகிறார்களே என்று தானும் சிரித்தாள். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவர் என்ஜினை நிறுத்திவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், கிணற்றடியில் போய்க் குந்திக்கொண்டார். இத்தனை வருடமும் வீணாகிவிட்டது என்ற நினைப்பில் அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

மீராமுகைதீன் முதலாளியின் லொறி மூச்சு விடுகிறதாம் என்ற செய்தி கல்முனைக்குப் போய், அங்கே செபரட்ணத்தின் காதில் விழுந்தது. அந்த லொறியில் கிளீனராக இருந்தவர் அவர். புயலுக்குப் பிறகு திருகோணமலையில் மகளோடு இருந்து, அங்கே குழப்பம் கூடியதும் திரும்பி வந்தவர். கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் நடுவில் ஒரு சைக்கிள் மிதிதான் தூரம், ஆனால் அந்த நாட்களில் அந்தத் தூரத்தைக் கடக்க ஒரு தமிழனும் ஒரு சோனகனும் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருந்தது. செபரட்ணம் யோசித்தார், பிறகு ஞாயிறு பூசை முடிந்த கையோடு வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். என்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"தம்பி, கோவிக்கக் கூடாது," என்றார். "இது முதலாளிட லொறி இல்ல. ஆரோ பெரிய மனிசன்ட லொறி."

"அதே என்ஜின்தான் அண்ணன். ஒவ்வொரு சாமானும் நான் கையால கழுவினது."

"அதுதானே பிழை. மூண்டாவது பிஸ்டனுக்குக் கீழ ஒரு தோல்துண்டு இருந்திருக்குமே, கண்டயா?"

கச்சிமுகம்மது கண்டிருந்தார். கருகிப்போன ஏதோ அழுக்கு என்று சுரண்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புதுப் பெயறிங் போட்டிருந்தார். அது அழுக்கு இல்லை என்று செபரட்ணம் விளக்கினார். ஒரு வருடம் மல்வத்தை வளைவில், முழு லோட் நெல்லோடு, பெயறிங் தேய்ந்து லொறி நின்றுவிட்டதாம். முதலாளி ஒரு சொல்லும் சொல்லாமல் சாரத்தின் மேல் இடுப்பில் கட்டியிருந்த பச்சைத் தோல்வாரை அவிழ்த்து, நுனியில் ஒரு சாண் வெட்டி, பெயறிங்குக்குப் பதிலாக அதை வைத்துப் பூட்டினாராம். வீடு வரைக்கும் தாங்கினால் போதும் என்று வைத்தது, அவர் காலம் முழுக்கத் தாங்கியதாம். அன்றிலிருந்து அந்த லொறி ஐந்து அடி நன்றாக வைத்து ஆறாவதில் நொண்டும் என்றார். அந்த நொண்டல்தான் சந்தியில் திரும்பும்போது ஊருக்குக் கேட்டது.

கச்சிமுகம்மதுவுக்குத் தன் மீதே வெறுப்பு வந்தது. மெக்கானிக் ஒருவன் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான், தையல்காரன்தான் விடுவான். சரிந்த தோளைப் பஞ்சு வைத்து நிமிர்த்துவதும், கூன் முதுகைத் துணியால் மறைப்பதும், இல்லாத நேரை இருப்பது போலக் காட்டுவதும் அவனுடைய தொழில். மாமாவின் லொறிக்கும் அவர் அதையே செய்திருந்தார்.

வார் அலுமாரியில் இருந்தது. மாமாவின் உடம்பிலிருந்து கழற்றிய நாளிலிருந்து ஹாஜறா அதை அத்தர் தடவிய துணியில் சுற்றி வைத்திருந்தாள். லொறியைத் தவிர அவருடைய சாமான் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது, இந்த முறையும் கேட்காவிட்டால் அவளுக்கு அந்த வாரும் முழுதாக இருக்காது. சோக்கினால் கோடு போட்டுவிட்டுக் கத்தரியோடு தயங்கி நின்றவரையும் செபரட்ணத்தையும், சைகையிலேயே விஷயத்தைப் புரிந்துகொண்ட ஹாஜறா மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னத்துக்குப் பாத்துட்டு நிக்கிறீங்க? வாப்பாட சாமான் வாப்பாட லொறிக்குத்தானே. வெட்டுங்க," என்றாள்.

அவர் வெட்டினார். தையலுக்கென்று ஒன்றும் விடாமல், கோட்டின் மேலேயே வெட்டினார். இரண்டு பேரும் என்ஜினைக் கவிழ்த்து, புதுப் பெயறிங்கைக் கழற்றி, தோலை எண்ணெயில் தோய்த்து வைத்துப் பூட்டி முடித்தபோது அஸர் தொழுகை முடிந்திருந்தது. ஹாஜறா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். செபரட்ணம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, பழைய நாட்களைப் போலவே ஹாண்டிலைக் குத்தி ஒரு சுற்றுச் சுற்றினார். என்ஜின் இருமியது. ஐந்து அடி வைத்தது, ஆறாவதில் நொண்டியது. மறுபடி ஐந்து வைத்து நொண்டியது. வேலிக்கப்பால் ஷரிபுதீன் சொல்லவந்த பகிடியை வாய்க்குள்ளேயே விழுங்கிக்கொண்டார்.

ஹாஜறா தலையை நிமிர்த்தினாள். கத்தியை வைத்தாள், கையைக் கழுவினாள், முக்காட்டைச் சரி செய்தாள். யாரையும் பார்க்காமல் நேரே நடந்து போய்ப் படலையின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, லொறிக்கு வழி விடுகிறவள் போல ஓரமாக ஒதுங்கி நின்றாள். அப்போது புயல் வெளியே வந்தது. முதலில் கொஞ்சம் மணல், பிறகு கிடுகுத் துண்டுகள், வேப்பிலை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு, அதன்பின் காற்று. எட்டு வருடம் உள்ளே கிடந்ததில் அதற்கும் வயதாகியிருந்தது. தெருவில் நின்ற ஒரு சைக்கிளைத் தள்ளிவிட்டு, தென்னைகளை ஒரு முறை உலுப்பிவிட்டு, வந்த வழியே கடலுக்குப் போனது. அந்த நேரம் கரையில் வலை இழுத்தவர்கள் கொஞ்சம் காற்று அடித்ததாகச் சொன்னார்கள், வேறொன்றும் சொல்லவில்லை. செபரட்ணம் என்ஜினை நிறுத்தினார்.

"உம்மா!" என்று ஒரு சத்தம் பின்னாலிருந்து வந்தது. நதீரா. பிறந்த நாளிலிருந்து காற்றோடு மல்லுக்கட்டியே கதைத்துப் பழகிய பிள்ளை. ஹாஜறா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கையை எடுத்தாள்.

"ஏன் புள்ள இப்படிக் கத்துறாய்? உம்மாக்குக் கேக்குது. மெல்லமாக் கதை."

மெல்லக் கதைப்பது எப்படி என்று நதீராவுக்குத் தெரியாது. வாயைத் திறந்து பார்த்தாள். வெறும் மூச்சுத்தான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். உம்மாவின் சாரியைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, காதோரம் வாயை வைத்து, தன் வாழ்நாளில் முதல் தடவையாக மெல்லச் சொன்னாள்.

"உம்மா, மீனப் பூன கொண்டு போகுது."

ஹாஜறா திரும்பிப் பார்க்கவில்லை. "போகட்டும்," என்றாள். "இன்னொருக்காச் சொல்லு."

நதீரா இன்னொருக்காச் சொன்னாள்.