கோட்டுப் பைக்குள் ஒரு வங்கி

டிரையர் அலறியது. துணி காய்ந்துவிட்டது என்று சொல்ல இவ்வளவு பெரிய சத்தம் தேவையில்லை. முதல் தடவை கடைக்கு வருகிறவர்கள் அதைக் கேட்டு ஓரடி பின்வாங்குவார்கள். அன்று மதியம் மூன்று மணிக்குப் படியில் கால் வைத்த பெண்ணும் பின்வாங்கினாள். பிறகு சமாளித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் துணி மூட்டை இல்லை, ஒரு நீல ஃபைல் இருந்தது. லாண்டரிக்காரர் வழக்கம்போல முகத்தைப் பார்க்கும் முன் சட்டைக் காலரைப் பார்த்தார். வீட்டிலேயே, அதுவும் அவசரத்தில் தேய்த்த காலர். துணி இல்லாமல் லாண்டரிக்கு வருகிறவர்கள் யாரும் நல்ல செய்தியோடு வந்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

தான் ஒரு கடன் வசூல் கம்பெனியின் அதிகாரி என்று சொல்லிவிட்டு அவள் ஃபைலைத் திறந்தாள். கடையின் பெயரில் இன்ன வங்கியில் ஓவர்டிராஃப்ட் கடன் இருந்ததா என்று கேட்டாள். லாண்டரிக்காரர் பதில் சொல்லுமுன் தெருவை எட்டிப் பார்த்தார். மனைவி ஹோட்டலுக்கு மேஜை விரிப்புகளைக் கொடுக்கப் போயிருந்தாள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவாள். அவள் வருவதற்குள் இந்த ஃபைல் மூடப்பட்டாக வேண்டும்.

நான்கு வருட ரகசியம் அது. மனைவி சிறுமியாக இருந்தபோது, அவளுடைய அப்பா நண்பர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். ஒரு நாள் காலையில் நாலு பேர் வந்து கட்டிலையும் அலமாரியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அலமாரியில் இருந்த அவளுடைய பள்ளிக்கூடப் பைகூட அதோடு போய்விட்டது. அதனால் கல்யாணத்துக்கு முன்பு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கஞ்சியோ கூழோ எதுவானாலும் சரி, கடன் மட்டும் கூடாது. இவரும் சரி என்றார். நான்கு வருடத்துக்கு முன் ஒரு மழைக்காலம் விடாமல் பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டினார்கள், அடுப்புக்கு மேலே கொடி கட்டினார்கள். சட்டைகளில் ஈரவாடை அடிக்கிறது என்று பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். டிரையர் ஒன்று வாங்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். வங்கியில் தோளைத் தட்டி ஓவர்டிராஃப்ட் கொடுத்தார்கள், டிரையரையே அடமானமாக எழுதிக்கொண்டார்கள். மனைவியிடம் என்ன சொல்வது? மெஷின் கடைக்காரர்கள் நடத்திய குலுக்கலில் பரிசு விழுந்தது என்று சொல்லிவிட்டார்.

அவள் அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். அவர் கை ராசியான கை என்றாள். குலுக்கல் போட்டிக்கு எழுதிப் போடுகிறவர்கள் கவரைத் தூக்கிக்கொண்டு வந்து, இவர் கையால் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிப் போனார்கள். ஒவ்வொரு கவரை ஒட்டும்போதும் அவருக்கு நாக்கு உலர்ந்தது.

மாதாமாதம் ஒழுங்காகத்தான் கட்டிவந்தார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை பணத்தோடு போனபோது, ஏணி போட்டு வங்கியின் போர்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் வியாபாரம் கட்டுப்படியாகவில்லையாம், கடலைத் தாண்டிக் கிளம்பிவிட்டார்களாம். மறு மாதம் அந்த இடத்தில் செருப்புக் கடை வந்தது. வங்கியின் தொலைபேசி எண்ணில் கொஞ்ச நாள் சங்கீதம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வேறு யாராவது என்றால் விட்டது சனி என்று கும்மாளம் போட்டிருப்பார்கள். ஆனால் லாண்டரிக்காரருக்கு அது ஆகவில்லை. அவருடைய கடையின் பின்பக்கம் ஒரு கம்பி உண்டு. கொடுத்தவர்கள் வாங்காமல் விட்ட துணிகள் அதில் தொங்கும். ஆறு மாதத்துக்கு மேல் பொறுப்பல்ல என்று போர்டு இருக்கிறதே தவிர, ஒரு கைக்குட்டையைக்கூட அவர் தூக்கிப் போட்டதில்லை. கொடுத்தவன் ஊரை விட்டுப் போனால் துணி நம்முடையது ஆகிவிடுமா? வங்கிப் பணமும் அவருக்கு அப்படி ஆள் வராத துணிதான். சனிக்கிழமைதோறும் ஒரு தொகையை எடுத்துவைத்தார். வேறு வங்கியில் போட முடியாது. வீட்டுக்கு வரும் கடிதங்களையெல்லாம் பிரிப்பது மனைவிதான். எனவே கம்பியில் ஐந்து வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கம்பளிக் கோட்டின் உள்பையில் போட்டார். ரிட்டையரான கணக்கு வாத்தியார் ஒருவருடைய கோட்டு அது. மறதி வாத்தியார் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வாரப் பணத்தையும் மடித்து, சலவைத் துணிக்குக் குறி போடும் அழியாத மையால் ஒரு நாடாத் துண்டில் தேதி எழுதி, ஊசி குத்தி வைத்தார். இதுவரை நாற்பத்தாறாயிரத்து இருநூறு சேர்ந்திருந்தது.

அதிகாரி விஷயத்தை விளக்கினாள். வங்கி கிளம்பும்போது தீராத கடன்களையெல்லாம் மொத்தமாக அவளுடைய கம்பெனிக்கு விற்றுவிட்டதாம். போன வருடம் கடை அடுத்த தெருவுக்கு இடம் மாறியதால் மூன்று கடிதங்கள் திரும்பிவிட்டனவாம். வட்டியோடு தொண்ணூறாயிரத்துச் சொச்சம். இன்று ஐந்து மணிக்குள் ஒரே தவணையாகக் கட்டினால் ஐம்பதாயிரத்தோடு கணக்கு முடியும். தவறினால் நாளைக் காலையில் வண்டி வந்து டிரையரை ஏற்றிக்கொண்டு போகும்.

"ரெண்டு வருஷமா உங்களைத்தான் மேடம் தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார் லாண்டரிக்காரர்.

அதிகாரி ஃபைலில் இருந்த முகவரியை மறுபடி சரிபார்த்துக்கொண்டாள். அவளுடைய உத்தியோகத்தில் இதுவரை யாரும் அவளிடம் இப்படிச் சொன்னதில்லை.

குறைகிற மூவாயிரத்து எண்ணூறைக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று மனக்கணக்குப் போட்டபடி அவர் பின்பக்கம் போனார். கம்பியில் மஞ்சள் புடவை இருந்தது, ராணுவக் கால்சட்டை இருந்தது, ஒற்றைத் தலையணை உறை இருந்தது. கோட்டைக் காணோம். கோட்டு இருந்த இடத்தில் வெறும் ஹேங்கர்தான் தொங்கியது. மஞ்சள் புடவையை விலக்கிப் பார்த்தார். கீழே குனிந்து பார்த்தார். மறுபடி ஹேங்கரையே பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். அதிகாரியைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, காலிக் கூடையை இறக்கிவைத்தாள்.

"அந்தக் கோட்டு எங்கம்மா?"

"எந்தக் கோட்டு?"

"வாத்தியார் கோட்டு."

நேற்று அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார் என்றாள். பையைச் சோதிக்காமல் துணியைக் கொடுப்பது இந்தக் கடையில் வழக்கமா என்ன? உள்ளே பணம் இருந்தது, எடுத்துக் கவரில் போட்டு, நம்பர் எழுதி, கோட்டோடு சேர்த்துக் கொடுத்தாயிற்று. இருபது வருடமாக லாண்டரிக்காரர்தான் அவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர். அடுத்தவர் பையில் இருக்கிற பஸ் டிக்கெட்டைக்கூட நாம் தொடக் கூடாது.

லாண்டரிக்காரர் துணி மடிக்கும் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியார் காசைப் பத்தி நமக்கு என்னங்க?" என்றாள் அவள்.

இன்னொரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்ல பொய்தான். ஆனால் மணி மூன்றரை. அதிகாரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். டிரையரின் மூடி திறந்திருந்தது, உள்ளேயிருந்து சூடான துணி வாசம் வந்தது. அந்த மெஷின் கடைக்கு வந்த அன்றைக்கு மனைவி அதன் வெள்ளைப் பக்கவாட்டைக் கன்றுக்குட்டியைத் தடவுவது போலத் தடவிக்கொடுத்தாள். நாளைக் காலையில் நாலு பேர் வந்து அதைத் தூக்கிக்கொண்டு போவதை அவள் இரண்டாவது தடவை பார்க்கக் கூடாது.

"குலுக்கல்ல எதுவும் விழலம்மா" என்றார். "அது கடன்."

சொல்ல ஆரம்பித்த பிறகு எல்லாம் தானாக வந்தது. மழைக்காலம், வங்கி, போர்டை இறக்கியது, சனிக்கிழமை, கோட்டு. நடுவில் எங்கோ அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி மரியாதைக்காக ஃபைலில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். மனைவி காலிக் கூடையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். கூடையின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நாரைப் பிய்த்துப் போட்டாள்.

"திட்டுறது எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல போய் வாங்கிட்டு வாங்க" என்றாள். "ஹெல்மெட்டைப் போட்டுக்குங்க."

ஸ்கூட்டரை ஓட்டும்போது அவருக்கு ஒரு விசித்திரம் தோன்றியது. பணம் கையை விட்டுப் போய்விட்டது, மெஷின் போகப்போகிறது, ராத்திரி வீட்டில் என்ன நடக்குமோ தெரியாது. ஆனாலும் யாரோ முதுகிலிருந்து ஈர மூட்டையை இறக்கிவிட்டது போல இருந்தது. ஒரு தெருமுனையில் அவர் தன்னையறியாமல் விசிலடித்ததைக் கேட்டு, சைக்கிளில் போன ஒருவன் திரும்பிப் பார்த்தான்.

வாத்தியார் வீட்டில் பனியனுக்கு மேலே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து வருடம் கழித்துக் கிடைத்த பொருளைக் கழற்ற மனம் வரவில்லை என்றார். கவரா? ஆமாம், கவர் ஒன்று கொடுத்தார்கள். பத்திரமாக வைத்தேன். எங்கே வைத்தேன்?

தேடினார்கள். புத்தக அலமாரியில் தேடினார்கள். மெத்தைக்கு அடியில் போன வருட மின்கட்டண ரசீது கிடைத்தது. சர்க்கரை டப்பாவில் வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி இருந்தது. மூன்று மாதமாகத் தேடியதாம். அதைப் போட்டுக்கொண்டு அவர் இன்னும் உற்சாகமாகத் தேடினார். "பாருங்க தம்பி, நீங்க வந்தது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார். சுவர்க் கடிகாரத்தில் நாலே கால். லாண்டரிக்காரருக்கு நெற்றியில் வியர்த்தது. வாத்தியார் அலமாரியின் மேல்தட்டுக்கு எம்பியபோது கோட்டு ஒரு பக்கமாகத் தொங்கியது. இருபது வருடப் பழக்கம், கை சும்மா இருக்கவில்லை. ஆள் உள்ளே இருக்கும்போதே லாண்டரிக்காரர் கோட்டின் உள்பைக்குள் கையை விட்டார். கவர் அங்கேதான் இருந்தது.

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பணம் யாருடையது என்று சொல்ல லாண்டரிக்காரர் வாயெடுத்தார். வாத்தியார் கையமர்த்திவிட்டார். "நான் கணக்குச் சொல்லிக் குடுத்தவன்தான், காசை எண்ணிப் பார்க்கிற பழக்கம் இல்ல. துணிக்குக் குறி போடற மாதிரி நோட்டுக்குக் குறி போட்டிருக்கீங்க, வேற யாரோடதா இருக்கும்?" வாசல் வரை வந்தவர் நெற்றியைத் தேய்த்தார். "கவரைக் குடுக்கும்போது உங்க வீட்டம்மா என்னமோ சொன்னாங்க. முக்கியமா சொன்னாங்க. அதைத்தான் மறந்துட்டேன்."

கடைக்குத் திரும்பியபோது மணி நாலே முக்கால். மனைவியும் அதிகாரியும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் போர்வை மடித்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரியின் சட்டைக் காலர் கத்தி மாதிரி விறைப்பாக நின்றது. அவர் இல்லாத நேரத்தில் மனைவி அதற்கு இஸ்திரி போட்டுவிட்டிருந்தாள்.

அதிகாரி மேஜையில் நோட்டுகளைப் பரப்பி எண்ணினாள். ஊசிகளும் நாடாத் துண்டுகளும் ஒரு பக்கம் சேர்ந்தன. லாண்டரிக்காரர் கல்லாவைத் திறந்து மூவாயிரத்து எண்ணூறை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சார். ஐம்பதாயிரம் சரியா இருக்கு."

"இருக்காது மேடம். மறுபடி எண்ணுங்க."

மறுபடி எண்ணினாள். ஐம்பதாயிரம். கணக்கில் குறைகிறது என்று வாதாடுகிற கடனாளியை அவள் ரசித்தபடியே ரசீதில் முத்திரை குத்தினாள். அடமானம் நீங்கியது என்ற தாளையும் தனியாக எடுத்து வைத்தாள். அவர் நாடாத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் சனிக்கிழமைத் தேதிகள், அவர் எழுத்து. ஒன்றில் மட்டும் நேற்றைய தேதி. அந்த எழுத்து அவருடையது அல்ல, உருண்டை உருண்டையான எழுத்து. ஹோட்டல் பில்களில் தினமும் பார்க்கிற எழுத்து.

"நேத்து நான் போன் பண்ணப்பவே உங்க வீட்டம்மா சொன்னாங்க" என்றாள் அதிகாரி, ஃபைலை மூடிக்கொண்டே. "மூணு மணிக்கு வாங்க, அவர் தனியா இருப்பார், நான் பேசினதைச் சொல்லாதீங்கன்னு."

லாண்டரிக்காரர் மெதுவாகத் திரும்பினார். மனைவி போர்வையின் கடைசி மடிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.

"நேத்துதான் உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"மெஷின் வந்த அன்னிக்கே தெரியும். நீங்க குளிச்சிக்கிட்டு இருந்தீங்க, மெஷின் கடைக்காரங்க வீட்டுக்கே வந்து பேங்க் பேர் போட்ட பில்லை என் கையில குடுத்துட்டுப் போனாங்க."