ஸ்பேனர் எங்கே?

“விமானம் பறக்கக் கூடாது. எஞ்சின் மூடியைத் திறங்க.”

பழைய போர் விமானம் பறப்பதைப் பார்க்கப் பார்வையாளர்கள் வந்துவிட்ட பிறகு இதை மட்டும் கேட்கவே கூடாது என்று, அந்த டச்சு ராணுவ அருங்காட்சியகத்தில் சேர்ந்த அன்றே யோரிண்டேயிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள். விமானக் கொட்டகைச் சுவரில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் சிவப்பில் வரைந்திருக்கும். வேலை முடிந்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்தாக வேண்டும். ஒரு சின்ன ஸ்பேனரின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

“வேடிக்கை பார்க்க வந்தவன் எவனாவது எடுத்துட்டுப் போயிருப்பான்,” என்றார் தலைமை மெக்கானிக் வீபே. “உங்க வீட்லயே முதல் எஞ்சினியர் நீதான், சரி. அதுக்காக உலகப்போர் பார்த்த விமானத்துக்கே பாடம் எடுப்பியா தாயி?”

காபிக் கோப்பைகளோடு நின்றவர்கள் சிரித்தார்கள்.

“நேத்து எல்லாரும் அந்த எஞ்சினுக்குள்ளதானே கை விட்டோம்? ஸ்பேனர் உள்ளே விழுந்து எதிலயாவது சிக்கினா ஹார்மன் செத்துடுவார்.”

“வாயைக் கழுவு! இன்னொரு வார்த்தை பேசினா இந்தப் பக்கமே வராதே.”

வெளியே எஞ்சின் உறுமியது. ஒலிபெருக்கி விமானி ஹார்மனின் பெயரைச் சொன்னதும் கூட்டம் கைதட்டியது. இந்தக் கொட்டகையை விட்டால் அவளுக்குப் பிடித்த இடம் வேறு கிடையாது.

அடையாள அட்டையைக் கழற்றி வீபே முன்னால் வைத்தாள்.

“எங்கே போறே?”

“ஹார்மன் கண்ணுல படுற மாதிரி ஓடுபாதை நடுவுல நிக்க.”

திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.