ராக்கம்மா வாய் மூடிய ஞாயிற்றுக்கிழமை

கம்பளைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு எழுப்பும் விடியற்காலைத் தப்பு மேளம் ஒரு நாள் முழங்காமல் போனாலும் போகும். ராக்கம்மாவின் வாய் ஓயாது. புருஷன் அழகமுத்து, "கொஞ்சம் வாய மூடேன் புள்ள" என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக் களைத்தவன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் ஆண்டு மழையில் அவனுக்கு மஞ்சள் காமாலை கண்டது. எட்டு நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. தோட்டத்து மருந்தும் கேட்கவில்லை. பிழைப்பானா என்று ராக்கம்மா பார்த்தவரிடமெல்லாம் கேட்டாள்.

கம்பளையில் மருந்துச் சரக்குக் கடை வைத்திருந்த நளீர் நானா கீழாநெல்லியைச் சொன்னார். ஞாயிறு விடியலில் ஓடைக்கரையில் வேரோடு பிடுங்கி, அரைத்து, மோரில் கொடுக்க வேண்டும்.

"பிடுங்கினதுலருந்து அவர் குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு சொல்லு கதைக்கப்படாது. கதைச்சா அது வெறும் புல்லுதான்" என்றார்.

செடி கிடைப்பது லேசு, இதுதான் கஷ்டம் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிடுங்கிய செடியை முந்தானையில் முடிந்து, உதட்டைக் கடித்தபடி மேட்டில் ஏறி வந்தாள். பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு நல்லம்மா, மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். பதில் இல்லை. ராக்கம்மாவிடம் கேட்டுப் பதில் வராத அதிசயத்தை நல்லம்மா அதுவரை கண்டதில்லை. மறுபடியும் கேட்டாள். பேச முடியாது என்பதற்கு ராக்கம்மா, கண்ணில் நீர் முட்ட, இரண்டு கையையும் விரித்தாள்.

நல்லம்மா குடத்தைப் போட்டுவிட்டு மார்பில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, அழகமுத்து மாமா போயிட்டாரே."

வரிசை வீடுகளாக இருந்த லயமே ஓடி வந்து ராக்கம்மாவின் வாசலில் கூடியது. சாவு மேளம் அடிக்கத் தப்புக்காரரும் வந்தார். அள்ளிக் கொடுத்த வள்ளலே என்று நல்லம்மா ஒப்பாரி வைத்தாள். போன மாதம் அவனைக் கஞ்சப்பயல் என்றவளும் அவளேதான். அதற்கு மட்டுமே ராக்கம்மாவிடம் நாற்பது பதில் இருந்தது. அத்தனையையும் விழுங்கினாள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொன்னால் கூட்டம் கலையும். அந்த ஒரு வார்த்தையே அவனைக் கொன்றுவிட்டால்?

சத்தம் கேட்டு அழகமுத்து சுவரைப் பிடித்து எழுந்து, வாசலில் வந்து நின்றான்.

"யாரு செத்தது?" என்றான்.

ஒப்பாரி பாதியில் நின்றது. ராக்கம்மா யாரையும் பார்க்காமல் உள்ளே போய் அம்மியில் அரைத்து, மோரில் கலக்கி, அவன் வாயில் வைத்தாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து, செத்தது தான்தானோ என்று அவனுக்கே சந்தேகம் வந்தது. பயத்தில் ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

ராக்கம்மா வாசலுக்குத் திரும்பி வாயைத் திறந்தாள். நல்லம்மாவில் தொடங்கித் தப்புக்காரரின் பாட்டன் வரைக்கும் போனாள். கூட்டம் கலைந்த பிறகும், மத்தியானம் ஆன பிறகும் நிறுத்தவில்லை. பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த அழகமுத்துவுக்கு எட்டு நாளில் முதல் தடவையாகப் பசித்தது.

"கஞ்சி இருக்கா புள்ள?" என்றான். "நீ பேசிக்கிட்டே ஊத்து."