பாதிப் பவுடர்

காளவாசல் கடைத்தெருவில் இன்பசேகரன் கேமராவைத் தூக்கினால் போதும், போகிற வருகிற ஜனம் அப்படியே நின்றுவிடும். டீ ஆற்றுகிற விருமாண்டி கிளாஸை வைத்துவிட்டுக் கையைத் தொடையோடு ஒட்டிக்கொள்வார். வண்டிக்காரர் தலை சீவுவார். மூச்சுகூட விடமாட்டார்கள், பாவிகள்! கல்யாணத்துக்கு ஒருதரம் ஸ்டுடியோவில் நின்று பழகியவர்கள்; படம் என்றால் விறைப்பாக நிற்பது என்றே நினைப்பு.

நகரத்துப் போட்டோ சங்கம் நடத்திய 'தெருவின் அன்றாடம்' போட்டியிலிருந்து போன இரண்டு வருஷமும் படங்கள் திரும்பி வந்தன. 'ஆட்களை நிறுத்தி வைத்து எடுத்தது' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். நிறுத்தினாராம்! மிஷன் பள்ளிக்கூடத்து கிளார்க் இன்பசேகரன் சொல்லி ஒரு பியூன்கூட நின்றதில்லை.

"இந்த வருசமும் திரும்பி வந்துச்சுன்னா கேமராவ எங்க லாசர் அண்ணனுக்குக் குடுத்துருங்க. ஞாயித்துக்கெழமையாச்சும் என்கூட கோயிலுக்கு வருவீங்க" என்றாள் மனைவி ஜோசபின். வீராப்பில் இவரும் சரி என்று சொல்லித் தொலைத்தார்.

படம் அனுப்பக் கடைசி நாள். பன்னிரண்டு படச் சுருளில் பதினொன்று விறைப்பாகவே போய்விட்டது. மிச்சம் ஒன்று.

"என்ன சார், ஊரையே புடிக்கிறீக, என்னைய மட்டும் விட்டுட்டீகளே?" என்றாள் கொய்யாப்பழக்காரி பாண்டியம்மாள்.

"ஒண்ணுதாம்மா இருக்கு."

"ஒண்ணு போதும். இருங்க, மொகத்தக் கழுவிட்டு வாரேன்."

அவ்வளவுதான், தெருவே கிளம்பிவிட்டது. பாண்டியம்மாள் பவுடர் டப்பா கடன் வாங்கினாள். விருமாண்டி சீப்பைத் தேடினார். திருமங்கலம் பஸ்ஸின் கண்டக்டர், வண்டிக் கண்ணாடியில் மீசையை முறுக்கினார். இந்த அமளியில் ஒரு ஆடு கொய்யாக் கூடைக்குள் தலையை விட்டது.

"ஏ பாண்டியம்மா, மூஞ்சி அப்புறம், ஆட்டப் பாரு!" என்று விருமாண்டி கத்த, பாதி முகத்துப் பவுடரோடு அவள் திரும்பி, திட்டிக்கொண்டே சிரித்துவிட்டாள். கேமராவை ஒருத்தரும் பார்க்கவில்லை.

இன்பசேகரன் அழுத்திவிட்டார்.

ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் வரிசையாக வந்து மூச்சைப் பிடித்து நின்றார்கள். தீர்ந்துபோச்சு என்று எந்த வாயால் சொல்வது? வெறும் கேமராவை 'டக்' என்று அழுத்திவிட்டு நழுவினார்.

அந்த ஆட்டுப் படத்துக்கு முதல் பரிசு. லாசருக்கு முகம் தொங்கிப்போனது, ஜோசபினோ பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். இன்பசேகரனுக்குத்தான் உறுத்தல். படத்தின் பிரதியோடு காளவாசலுக்குப் போய்ப் பரிசு கிடைத்ததைச் சொன்னார்.

பாண்டியம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். "அய்யய்யோ, பாதி மூஞ்சியில பவுடரு! இதையா ஊரே பாத்துச்சு? நாங்க வரிசையா நின்னது எங்க சார்?"

"அப்ப கேமராவுல ஒண்ணுமே இல்லம்மா. உங்கள ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"அடப்பாவி மனுசா! அம்புட்டு நேரம் மூச்சப் புடிச்சு நின்னோமே! ஒழுங்கா ஒண்ணு எடுக்காம நீங்க இங்கருந்து போகக் கூடாது."

அதற்காகவே புதுச் சுருள் போட்டுத்தான் வந்திருந்தார். எல்லோரையும் வரிசைப்படுத்தினார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, "அசையாம நில்லுங்க!" என்றார்.

நின்றால்தானே! ஆட்டுப் படம் கைமாறிக் கைமாறிப் போனது. ஆட்டைப் பார்த்து விருமாண்டி வெடித்துச் சிரித்தார், கண்டக்டரின் மீசையைப் பார்த்து பாண்டியம்மாள் குலுங்கினாள். பன்னிரண்டு படமும் தீர்ந்தது. ஒன்றில்கூட ஒருத்தரும் நிற்கவில்லை.