தம்பியிடம் ஒரு நகல்

என்னைக் கண்டதும் அம்மா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதியோர் இல்லத்தின் அந்த அறையில் இருந்த மற்ற கிழவிகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். தொண்டை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால், அம்மாவின் அறையில் தம்பி மகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். "அம்மாவே ஆசைப்பட்டுதான் போனாங்கண்ணா" என்றான் தம்பி. அம்மாவாவது, ஆசைப்படுவதாவது.

"போகச் சொன்னவன் எதுக்குப் பாக்க வந்த?" என்றாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே. "ஆஸ்பத்திரியிலேருந்து போன் பண்ணி, 'கொஞ்ச நாள் அங்க இரும்மா, எல்லாருக்கும் நல்லது'ன்னு நீதானே சொன்ன? அவன் சொல்லியிருந்தா நான் வாசப்படி தாண்டியிருப்பேனா?"

ஆஸ்பத்திரியில் என் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவன். "பிரேக்கை மிதி" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிறவனும் மிதிப்பான். அந்தக் குரல்வளையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, தம்பிதான் வழி கண்டுபிடித்தான். முன்கூட்டியே பேசிப் பதிவு செய்துவிட்டால், பிறகு நான் தட்டச்சு செய்வதைக் கணினி என் குரலிலேயே பேசுமாம். குரல் போகப்போவதை அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. சாயங்காலமெல்லாம் மைக்கைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். "கோபமா ஒண்ணு பேசுங்கண்ணா. இப்பப் பாசமா." பாசம் என்றதும் அம்மாவிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன். அவன் கண் கலங்கியது. பத்திரமாக இருக்கட்டும் என்று தன் கணினியிலும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டான். தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்று நானும் பூரித்துப்போனேன். டாக்டர் அறுத்தது போதாதென்று இவனும் என் கழுத்தை அறுத்திருக்கிறான். பாவி, அந்தப் பாசக் குரலையல்லவா எடுத்துப் பேசவிட்டிருக்கிறான்.

மடிக்கணினியைத் திறந்தேன். இரண்டு முறை அழித்து எழுதினேன்.

"அம்மா, நான் சொல்லலம்மா. அது தம்பி செஞ்ச வேலை. வா, வீட்டுக்குப் போகலாம்" என்றது கணினி, என் குரலில்.

அம்மா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அசையாத என் உதடுகளைப் பார்த்தாள். பிறகு கணினியைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இதே குரல்தான் பேசுச்சு" என்றாள் மெதுவாக. "இப்பப் பேசுறது நீயா, அவனா?"

கணினியை மூடிவிட்டு வாயைத் திறந்தேன். கழுத்துத் துளையை மறைத்துக் கட்டியிருந்த துணிதான் காற்றில் அசைந்தது. அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடிக் கிடந்த கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதிலுக்காக.