தனிவீடு என்றொரு ரௌட்டர்

என் வீட்டுக்காரருக்குக் குடும்பத்தில் இன்ஜினியர் என்று பேர். படித்து வாங்கிய பட்டம் இல்லை. வேலை பார்ப்பது ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில். வீட்டில் எது நின்றுபோனாலும் ஸ்குரூ டிரைவரோடு முதல் ஆளாய்ப் போய் நிற்பார், அதனால் ஒட்டிக்கொண்ட பேர். அவர் கைபட்ட அழைப்பு மணி இப்போது அடிக்க ஆரம்பித்தால் அடித்துக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்த நான்தான் நாற்காலி போட்டு ஏறுகிறேன்.

அன்று காலை, கணினியில் இன்டர்நெட் வரவில்லை என்று நான் சொன்னதும் அவர் முகத்தில் வந்த களையைப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாண ஃபோட்டோவில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை.

எனக்கோ சிரிக்கிற நேரமா அது? பதினொரு மணிக்கு நேர்காணல். சமையலறை அலமாரிகள் வடிவமைத்துக் கொடுக்கும் கம்பெனி, வீட்டிலிருந்தே செய்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்னால் கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் என் கோடுகளுக்கு ஒரு மரியாதை இருந்தது. மகள் பிறந்ததும் விட்டேன். அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டும் ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. இவர்கள்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் என் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, கொடுத்த அளவுக்கு ஒரு சமையலறையை நான் வரைந்து காட்ட வேண்டும். நேரம் தவறினால் மறு வாய்ப்பு இல்லை என்று முன்பே சொல்லிவிட்டார்கள். வரைகிற மென்பொருள் இருப்பதோ பின்னறையில் இருக்கும் இந்தக் கிழட்டுக் கணினியில் மட்டும்.

"பதறாத. ஒரு தடவை அணைச்சுப் போட்டா எல்லாம் சரியாயிடும்" என்றார்.

கணினியை அணைத்துப் போட்டார். சரியாகவில்லை. கூடத்துக்குப் போய் ரௌட்டரை அணைத்துப் போட்டார். பிறகு இரண்டையும் சேர்த்து அணைத்து, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி போட்டார். திரையின் மூலையில் அந்தச் சின்னம் குறுக்கே கோடு விழுந்து அப்படியே நின்றது.

"ஏங்க, என் போன்ல வருதே. அப்ப ரௌட்டர் நல்லாத்தானே இருக்கு?"

"ரௌட்டர் மேல குத்தம் சொல்லாத. அது ராஜா மாதிரி. கம்ப்யூட்டர்தான் மக்கர்."

அவருடைய ரௌட்டரை யாரும் ஒரு சொல் சொல்லிவிட முடியாது. அதற்கு ஒரு கதை உண்டு. கீழ்வீட்டில் இருப்பவர் இவருடைய அண்ணன், என் மூத்தார். அச்சகம் வைத்திருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே இன்டர்நெட், ஒரே தண்ணீர்த் தொட்டி என்று நன்றாகத்தான் இருந்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தொட்டி நிறைந்தால் தண்ணீரை நிறுத்துகிற மிதவையை எங்கள் இன்ஜினியர் பழுது பார்த்தார். அன்று தண்ணீர் நிற்கவே இல்லை, தொட்டி வழிந்து மாடிப்படி வழியாகக் கீழ்வீட்டுக்குள் இறங்கியது. கீழே கூடத்தில் அடுக்கி வைத்திருந்த காகிதக் கட்டெல்லாம் ஊறிப் போயிற்று. "இவன் கை வச்சது எதுடா உருப்பட்டிருக்கு?" என்று மூத்தார் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். மறுநாளே இவர் தனி லைன் எடுத்து, புது ரௌட்டர் வாங்கி, அதற்குத் 'தனிவீடு' என்று பேரும் வைத்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரே மாடிப்படியில் எதிரெதிரே வந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் செருப்புவார் அறுந்துபோகும். குனிந்துகொள்வார்கள்.

எனக்கும் என் ஓரகத்திக்கும் சண்டை எதுவும் கிடையாது. ஆனாலும் இவர்கள் இரண்டு பேர் வீம்புக்காக நாங்கள் மாடியில் துணி உலர்த்தும்போது மட்டும் பேசிக்கொள்வோம், திருட்டுத்தனமாக. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

பத்து மணி ஆகிவிட்டது. கணினியையே கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ரௌட்டரில் வயர் செருகிவிடலாம் என்றேன். "நல்ல யோசனை" என்றவர், அந்த வயரைத் தேடவே இல்லை. பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். எட்டிப் பார்த்தேன். வெயில் மறைப்புத் துணியைக் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தது அந்த வயர்தான். இரண்டு ஓரத்திலும் கட்டுவதற்காக அதை இரண்டாக வெட்டி வேறு வைத்திருந்தார்.

எங்கள் போன்களுக்கும் வீட்டு லைன்தான், தனியாக டேட்டா போடுவதில்லை, அதனால் ஹாட்ஸ்பாட்டுக்கும் வழியில்லை. போனை வயரால் கணினியோடு இணைத்துப் பார்த்தேன். சார்ஜ் ஏறியது, வேறொன்றும் நடக்கவில்லை. நடைபாதைக் கடையில் இவர் மலிவாக வாங்கிய வயர், அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

"கொஞ்சம் தள்ளுங்க. நான் பாக்கறேன்."

"உனக்கு இதெல்லாம்..."

"தள்ளுங்கன்னேன்."

தள்ளினார். அணைப்பதும் போடுவதுமாக இருந்தோமே தவிர, கணினி எதைத் தேடிக்கொண்டு நிற்கிறது என்று இருவரும் பார்க்கவே இல்லை. சின்னத்தை அழுத்தினேன். 'வீடு: கிடைக்கவில்லை' என்று இருந்தது. 'தனிவீடு' என்ற பேரே அங்கு இல்லை.

'வீடு' என்பது கீழ்வீட்டு ரௌட்டரின் பேர். நாங்கள் ஒன்றாக இருந்த காலத்தில் வைத்தது.

போனில் தேடிப் படித்தேன். இப்போது வருகிற ரௌட்டர்கள் இரண்டு விதமாக அலை அனுப்புமாம், ஒன்று வேகமானது, ஒன்று நிதானமானது. பழைய கணினிக்கு நிதானமானதுதான் தெரியுமாம்.

"என்னங்க, நம்ம ரௌட்டர்ல ரெண்டு அலையும் இருக்கா?"

"நிதானமானதை அன்னைக்கே அணைச்சிட்டேன். எதுக்கு மெதுவா ஒண்ணு? வேகமானது மட்டும் போதும்னு."

"அதைத் திரும்பப் போடுங்க."

"போடலாம். அதுக்குள்ள நுழைய ஒரு பாஸ்வேர்டு வச்சேன். யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி வச்சேன்."

அவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டால், மதியத்துக்கு மேல் ஆள் வருவார் என்று ஒரு பதிவுக்குரல் பாட்டோடு சொன்னது.

அப்போதுதான் இருவருக்கும் ஒன்றாக உறைத்தது. புது ரௌட்டர் வந்த நாளிலிருந்து இந்தக் கணினி ஒரு நாள்கூட அதைப் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷமாக அண்ணன் வீட்டு லைனில்தான் ஓடியிருக்கிறது. இந்த நாற்காலியில்தான் இவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீர்ப் பம்ப் கழற்றுகிற வீடியோவாகப் பார்த்து, "பாத்தியா, நம்ம லைன் எப்படிப் பறக்குது" என்று பெருமை அடித்துக்கொண்டிருந்தார். நான் வேறு சமயமாயிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மணி பத்தரை.

"கீழ போய்க் கேளுங்க."

"நானா? செத்தாலும் போகமாட்டேன்."

"உங்க வீம்பைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க. எனக்கு வேலை வேணும்" என்று சொல்லிவிட்டு நானே இறங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தில்தான்.

கீழே கதவு திறந்து கிடந்தது, ஒரே பெயிண்ட் வாசனை. சாமான்களெல்லாம் நடுக்கூடத்தில் பழைய துணி போர்த்தி நின்றன. சுவர் எல்லாம் ஈரம். ஸ்விட்ச் போர்டுகளைக் கழற்றித் தொங்க விட்டிருந்தார்கள். என் ஓரகத்தி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் கண்ணாடியில் தெறித்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க ரௌட்டர் எங்க?"

"பெயிண்டர் கழட்டி வச்சிட்டாரு. ஐயய்யோ, உன் கம்ப்யூட்டர் நின்னுடுச்சா?"

நான் கம்ப்யூட்டர் என்று சொல்லவே இல்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

"தெரியாம என்னடி? உன் வீட்டுக்காரர் உக்காந்து வீடியோ பாக்கறப்பெல்லாம் எங்க டிவி படுத்துடும். போன வருஷம் இடி விழுந்து பழைய ரௌட்டர் போயிடுச்சு. புதுசு மாட்ட வந்தவரு என்ன பேரு வைக்கன்னு கேட்டாரு. உங்க மாமா ஒத்தக் கால்ல நின்னாரு, பழைய பேரு, பழைய பாஸ்வேர்டுதான் வேணும்னு. ஒரு எழுத்து மாறினாலும் மேல அறுந்துடும், அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஏதோ வரைஞ்சு பழகிட்டிருக்கு, அது கெட்டுடக் கூடாதுன்னு சொன்னாரு."

சாயங்காலங்களில் நான் வரைந்து பழகுவதை என் வீட்டுக்காரரிடமே நான் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை, மாடியில் துணி உலர்த்தும்போது இவளிடம் சொன்னதோடு சரி. நிமிர்ந்து பார்த்தால், படியின் திருப்பத்தில் இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். பின்னாலேயே வந்திருக்கிறார். எல்லாம் கேட்டிருக்கிறது.

உள்ளறையிலிருந்து மூத்தார் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தம்பி நிற்பது தெரிந்தும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "எத்தனை மணிக்கும்மா?" என்று மட்டும் கேட்டார்.

"பதினொண்ணு, மாமா."

உடனே வேலையில் இறங்கிவிட்டார். ரௌட்டர் இருந்த சுவர் என் பின்னறைக்கு நேர் கீழே, அது முழுக்க ஈரம். லைன் வருவது படிக்கட்டு ஜன்னல் வழியாக. அந்த வயர் ஜன்னலைத் தாண்டி நீளாது. கரண்ட் இருந்த ஒரே பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து, ரௌட்டரைப் படியில் வைத்தார். மேலே ஓடிப்போய்ப் பார்த்தேன். வரவில்லை. அவர் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, ரௌட்டரை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். மூலையில் இருந்த கோடு மறைந்தது. இரண்டு வளைவு எழுந்தது.

"வந்துடுச்சு மாமா! அங்க எங்கயாவது கட்டி வச்சிடலாமா?"

"கட்டறதுக்கு நேரம் இல்ல. நீ போய் உக்காரு. நான் பிடிச்சுக்கறேன்."

பதினொன்று. திரையில் ஓர் அம்மாள் வந்தார், கண்ணாடி, கண்டிப்பான குரல். ஒரு சமையலறையின் அளவுகளைக் கொடுத்தார். ஜன்னல் ஒரு மூலையில், தூண் ஒன்று வேண்டாத இடத்தில் துருத்திக்கொண்டு. முதல் சில நிமிடம் போட்ட கோட்டையே அழித்து அழித்துப் போட்டேன். பிறகு தூணைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் எனக்கு வேலை ஓடும். அந்தத் தூணையே மறைத்து, பக்கவாட்டில் மசாலா டப்பாக்களுக்கு ஒரு குறுகலான இழுப்பறை கொடுத்தேன். எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு கோடு இழுத்து! சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாதியில் படம் நின்றுவிட்டது. அந்த அம்மாளின் வாய் திறந்தபடி உறைந்தது. அப்போது படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

"டேய், மேல தூக்குடா! இன்னும் மேல!"

மூத்தார் 'டேய்' போட்டுக் கூப்பிடுகிற ஆள் இந்தக் கட்டடத்தில் ஒருவர்தான்.

படம் அசைந்தது. "கேக்குதாம்மா?" என்றார் அந்த அம்மாள். கேட்கிறது என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே மீதிச் சமையலறையை வரைந்து முடித்தேன். அவர் என் இழுப்பறையைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "இந்தத் தூணுக்கு இதுவரைக்கும் யாரும் இப்படி ஒண்ணு போடல. திங்கட்கிழமை ஆரம்பிக்க முடியுமா?" என்றார்.

முடியும் என்று எப்படிச் சொன்னேனோ தெரியவில்லை. அவர் திரையிலிருந்து போனதும் எழுந்து ஓடினேன். கத்திக்கொண்டு இறங்குவதாகத்தான் உத்தேசம். படியின் திருப்பத்தில் நின்றுவிட்டேன்.

ஸ்டூலில் நின்றது என் வீட்டுக்காரர். கை இரண்டும் தலைக்கு மேலே, ரௌட்டரோடு. மூத்தார் கீழே நின்று ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை முழுக்கச் சுவர் பெயிண்ட் அப்பியிருந்தது.

"கை வலிக்குதாடா? குடு, நான் பிடிக்கிறேன்."

"இருக்கட்டும்ணே. இப்பத்தானே வாங்கினேன்."

"ஆடாத. நீ ஆடினா அங்க படம் ஆடும்."

"ஆடல. அண்ணே, உனக்கு முட்டி வலின்னு அண்ணி சொன்னாங்களாமே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ கையைப் பாரு."

கீழே வாசல் நிலையில் சாய்ந்து என் ஓரகத்தி நின்றிருந்தாள். அண்ணாந்து என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். கிடைத்துவிட்டது என்று தலையை ஆட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அந்தக் கையை எடுத்து, உதட்டின்மேல் ஒற்றை விரலை வைத்தாள்.

நான் சத்தம் போடாமல் திரும்பிப் போய்க் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்சம் கழித்துச் சொன்னால் வேலை எங்கேயும் ஓடிவிடாது.